பாலர் வகுப்பும் வாசிப்பின் அடிப்படையும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையேயாகும். யானும் அவ்வாறே எண்ணிக் குறிப்புகள் சிலவற்றைத் திரட்டத் தொடங்கினேன். ஆயினும் இலக்கியத்தைச் சுவைக்கக் கற்பிப்பதற்கு முன் எழுத்தை வாசிக்கக் கற்பித்தல் வேண்டும்; அவ்வாசிப்பு எங்கே, எவ்வாறு தொடங்குகின்றது என்பதை மேல்வகுப்பு ஆசிரியராகிய நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலின் கல்லூரி மலர்களில் அரிதாகவே இடம்பெறும் பாலர் வகுப்பைப் பற்றி ஈண்டு எழுதத் துணிந்தேன். பாலர் வகுப்பு என்பதால் முன்பள்ளியின் இறுதியாண்டையும் தரம் 1ஐயும் சேர்த்தே குறிப்பிடுகின்றேன்.

இத்துணிவுக்குக் காரணமானவன் ஒரு மாணவன். பல ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் தரம் 8க்குத் தமிழ் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பிற் கடைசி வாங்கில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் எவர்க்கும் தொல்லை தராதவன். கரும்பலகையில் உள்ளதை அழகிய கையெழுத்திற் பார்த்தெழுதுவான். ஒருநாள் பாடத்தை வாசிக்குமாறு அவனைப் பணித்தேன். எழுந்து நின்று தங்குதடையின்றி ஒரு பந்தியைக் கூறினான். ஆனால் அவன் கையிலிருந்த புத்தகத்தில் வேறொரு பக்கமே திறந்திருந்தது. அவனுக்கு முன் வாசித்தவனின் குரலைக் கேட்டு மனத்திற் பதித்துக் கூறினானேயன்றி, ஒரு சொல்லையும் அவன் வாசிக்கவில்லை. பின்னர் தனியே அழைத்து வினவியபோது, உயிரெழுத்துப் பன்னிரண்டையும் மெய்யெழுத்துப் பதினெட்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். 'மரம்' என எழுதிக் காட்டியபோது வாய் திறவாது நின்றான். எட்டாண்டுகள் பாடசாலைக்கு வந்தவன் அவன். இக்குறை தரம் 8இல் உண்டானதன்று. தரம் 1இல் விடுபட்ட ஒன்று, ஆண்டுதோறும் மறைந்து மறைந்து மேலேறி வந்து நின்றது. அவ்வாறு விடுபட்டது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத்தில் எழுத்து வந்த வழி

கண்டிப் பகுதியிலே 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக் காலந்தொட்டே தென்னாட்டிலிருந்து நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்துகொண்டிருந்தனர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடப்பாட்டைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. எனினும் பல இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவிலேயே பள்ளி நடைபெற்றது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குப் புறத்தேயே நின்றன. 1977 தொடக்கமே அவை படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. இதனால் அந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, பன்விலை, மடுல்கலை முதலிய பகுதிகளிலிருந்து இன்று தரம் 1க்கு வரும் பிள்ளைகளுள், தம் வீட்டில் எவரும் புத்தகம் வாசிப்பதைக் கண்டிராதோரும் உளர். இது பிள்ளையின் குறையன்று, வரலாற்றின் குறையாகும். அக்குறையை நீக்கத் தொடங்கும் இடம் பாலர் வகுப்பேயாகும்.

நெட்டுருவும் வாசிப்பும்

தமிழ் நெடுங்கணக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் ஆக 247 எழுத்துகளையுடையது. இத்தொகையைக் கண்டு அஞ்சிய நம் மூத்தோர், அதனை இசையோடு ஒப்பிக்கச் செய்து பிள்ளையின் நினைவிற் பதித்தனர். அஃது அக்காலத்துக்கு ஏற்ற முறையே. அதனை இகழ்தல் என் கருத்தன்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி அச்சிட்டதன் பயனை இன்றளவும் அனுபவித்து வருகின்றோம். ஆனால் ஒப்பித்தல் வேறு, வாசித்தல் வேறு. 'அ' என்னும் எழுத்தை 'ஆனா' என்றும், 'ஆ' என்பதை 'ஆவன்னா' என்றும் பெயரால் மட்டும் அறிந்த பிள்ளை, 'அம்மா' என்ற சொல்லைக் கண்டவுடன் 'ஆனா' எனத் தொடங்கித் தடுமாறுகின்றது. எழுத்தின் பெயரை அறிந்த பிள்ளைக்கு அதன் ஒலி தெரிந்திருக்கவில்லை.

இன்னுஞ் சில தடைகளும் உள. 'கல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று வகையாக ஒலிக்கின்றது. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் உயிரின் ஒலி பின்னே வர, அதன் குறி எழுத்துக்கு முன்னே நிற்கின்றது. 'கொ', 'கோ' என்பவற்றிலோ குறி இருபுறமும் நிற்கின்றது. 'கு', 'சு', 'டு', 'து', 'பு' என்பவை ஒரே உகரத்தை ஏற்றும் ஒரே வடிவாய் அமையவில்லை. நமக்குப் பழகிப் போனமையால் இவற்றை நாம் காண்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையோ ஒவ்வொன்றிலும் இடறுகின்றது. அவ்வாறு இடறும் பிள்ளையை 'மந்தம்' எனக் கூறிவிடுதல் பெரும் அநீதியாகும்.

செவியே முதற்படி

எழுத்தென்பது ஒலியின் அடையாளம். ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகாத செவிக்கு அடையாளத்தால் யாதொரு பயனுமில்லை. ஆகவே தரம் 1இன் முதற்சில வாரங்களில் எழுத்தைக் காட்டுவதினும் ஒலியைக் கேட்பித்தலே முதன்மையானது. இதற்கு விலைகொடுத்து வாங்கும் கருவி எதுவும் வேண்டுவதில்லை.

முதலாவதாகச் சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டச் செய்தல். 'அம்-மா' என்பதற்கு இரண்டு தட்டு; 'கொ-ழுந்-து' என்பதற்கு மூன்று. பிள்ளைகள் தம் பெயரைத் தட்டி மகிழ்வர். பின்னர் ஒருவன் தட்டும் எண்ணிக்கையைக் கேட்டு, அது யாருடைய பெயராகலாம் என ஏனையோர் ஊகிப்பர்.

இரண்டாவதாகக் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் கேட்டல். 'கல் – கால்', 'படம் – பாடம்', 'விடு – வீடு', 'முடி – மூடி', 'எடு – ஏடு', 'தொடு – தோடு' என்னும் இணைகளை ஆசிரியர் கூற, குறிலாயின் பிள்ளைகள் ஒருமுறை கைந்நொடிக்கவும் நெடிலாயின் இருகைகளையும் விரிக்கவும் பழகுவர். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கொண்டே மாத்திரையை அளந்து காட்டினார் தொல்காப்பியர். மேல்வகுப்பில் மாணவர் மனனம் செய்து மறக்கும் அவ்விலக்கணத்தைப் பாலர் வகுப்புப் பிள்ளை விளையாட்டாகவே கற்றுக்கொள்கின்றது.

மூன்றாவதாக ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களையும், ஒலியால் ஒத்து நடக்கும் சொற்களையும் திரட்டல். 'மாடு, மாமா, மாலை' என முதலொலி ஒத்து வருதலும், 'பட்டம், வட்டம், சட்டம்' என இரண்டாம் எழுத்து ஒத்து வருதலும் யாப்பிலக்கணத்தார் கூறும் மோனையும் எதுகையுமேயன்றி வேறல்ல. தாலாட்டிலும் விடுகதையிலும் இவ்விரண்டையும் பாட்டிமார் பிள்ளைகளின் காதில் முன்னரே வார்த்திருக்கின்றனர். தாய் விடியற்காலையிற் பிரட்டுக்குச் சென்றுவிட, பாட்டியின் மடியில் வளரும் தோட்டத்துப் பிள்ளையிடம் இச்செல்வம் நிரம்ப உண்டு. வீட்டிற் புத்தகம் இல்லை என்பதால் அப்பிள்ளை வெறுங்கையோடு வருகின்றது எனக் கொள்ளுதல் தவறு.

பிள்ளையின் வாய்மொழி

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் கூறுதல் கடன். ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், தோட்டப் பாடசாலையொன்றில் ஆரம்ப வகுப்பைச் சில காலம் பொறுப்பேற்றிருந்தேன். ஒருநாள் வீட்டின் படத்தைக் காட்டி 'இது என்ன?' என்றேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மிகுந்த ஆர்வத்தோடு 'வூடு' என்றாள். 'தவறு, வீடு என்று சொல்' எனக் கடிந்துரைத்தேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அதன்பின் தீபாவளி விடுமுறை வரை அப்பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை. படத்தைச் சரியாகவே அறிந்து சரியாகவே விடை கூறிய பிள்ளையைத் தவறென்று கூறியவன் யானே.

வீட்டு மொழியும் ஏட்டு மொழியும் வேறுபடுதல் தமிழின் இயல்பு. யாழ்ப்பாணத்தாரும், மட்டக்களப்பாரும், தமிழ்நாட்டாரும் எழுதுவதுபோற் பேசுவதில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியரும் வீட்டிற் பேசும்போது 'வந்தார்கள்' என்பதில்லை. அங்ஙனமிருக்க, மலையகப் பிள்ளையின் 'வூடு' மட்டும் இழிவாதல் எவ்வாறு? கண்டி நகரில் 'வாப்பா, உம்மா' என அழைக்கும் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருத்தல் கூடும். 'ஆம் மகளே, நம் வூடுதான். புத்தகத்தில் இதனை வீடு என்று எழுதுவார்கள். நாம் இரண்டையும் சொல்லிப் பார்ப்போமா?' எனக் கூறியிருப்பின் அப்பிள்ளைக்கு ஒரு சொல் இரண்டாகப் பெருகியிருக்கும். யான் அவ்வாறு கூறாமையால் அவளிடமிருந்த சொல்லும் அடங்கிப் போயிற்று. ஒருமுறை அடங்கிய வாயைத் திறப்பிப்பதற்கு ஆகும் காலம், நூறு எழுத்துகளைக் கற்பிக்கும் காலத்தினும் நீண்டது.

கையும் கண்ணும்

விசயதசமியன்று பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியில் எழுதுவித்தலும், திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவித்தலும் நம் மரபு. கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் முதலிய நம் ஆலயங்களிற் பெற்றோர் பிள்ளைகளை மடியிலிருத்தி ஏடு தொடக்குதலைக் கண்டிருப்பீர்கள். இதனை வெறுஞ் சடங்கெனக் கருதற்க. 1907இல் உரோமாபுரியில் 'குழந்தைகள் இல்லம்' நிறுவிய மரியா மொண்டிசோரி அம்மையார் (1870–1952), சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, அதன்மீது பிள்ளையின் விரலைச் செலுத்தி, அவ்வேளையிலேயே அதன் ஒலியையும் கூறச் செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பையேற்று இந்தியாவுக்கு வந்து, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். 'மொண்டிசோரி' என்னும் பெயர் இன்று நம் தெருக்கள்தோறும் பலகைகளில் விளங்குகின்றது. ஆனால் பெயர்ப்பலகை தாங்கிய இடங்கள் சிலவற்றில் மூன்று வயதுப் பிள்ளையின் கையிற் பென்சிலைத் திணித்துக் கொப்பி நிறைய எழுதுவிக்கும் வழக்கமே காணப்படுகின்றது. அம்மையார் விரலைப் பழக்கிய பின்னரே எழுதுகோலைத் தந்தார்.

எழுதுகோல் பிடிக்குமுன் விரல்கள் வலுப்பெறல் வேண்டும். களிமண் பிசைதல், தாள் கிழித்து ஒட்டல், மணி கோத்தல், தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கிப் பத்துப் பத்தாகக் குவித்தல் என்பன இதற்குப் போதியவை. பின்னர் மணலிலும் கரும்பலகையிலும் பெரிய கோடுகள், வளைவுகள், சுழிகள் இடுவித்தல் வேண்டும். கொப்பியிற் சிற்றெழுத்து இறுதியிலேயே வரத்தக்கது. இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயலுதல் கூடாது.

எழுத்தை எவ்வரிசையிற் காட்டுவது?

நெடுங்கணக்கின் வரிசை இலக்கணத்துக்குரிய வரிசை. கற்பித்தலுக்குரிய வரிசை அதுவன்று. முதலில் நிற்கும் 'அ' சுழியும் வளைவும் கொண்டு பிள்ளையின் கைக்கு அரிதாகின்றது. 'ட', 'ப', 'ம' என்பனவோ எளிய கோடுகளால் ஆகியவை. இதனால் அனுபவமிக்க ஆரம்ப ஆசிரியர்கள் இம்மூன்றிலிருந்தே தொடங்குவர்.

இம்மூன்றோடு புள்ளியையும் 'ா' என்னும் காலையும் சேர்ப்பின் 'படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா' என எட்டுச் சொற்கள் கிடைக்கின்றன. 'அ', 'ஆ' என்பவற்றைச் சேர்த்தவுடன் 'அம்மா, அப்பா, அப்பம், ஆட்டம்' என்பன வந்தெய்துகின்றன. 'ி' என்னும் குறியைச் சேர்த்தாலோ 'மாமி, பாட்டி, படி, மாடி' என்பனவும் பிறக்கின்றன. 'ய' ஒன்று கூடின் தோட்டத்துப் பிள்ளை நாள்தோறும் அழைக்கும் 'அப்பாயி', 'அம்மாயி' என்னும் பாட்டிமாரும் ஏட்டில் வந்து அமர்ந்துவிடுகின்றனர். ஒரு குடும்பமே மூன்று நான்கு எழுத்துகளுள் அடங்கியிருத்தலைப் பிள்ளை காணும்போது அடையும் மகிழ்ச்சியை நேரிற் கண்டோரே அறிவர்.

இவ்வழியிற் செல்லும் பிள்ளைக்கு 247 என்னும் எண் அச்சமூட்டுவதில்லை. அகரமேறிய மெய் பதினெட்டும், அவற்றில் ஏறும் குறிகள் பதினொன்றுமே அடிப்படை என்பது விரைவில் விளங்கிவிடும். உகர ஊகாரங்களை மட்டும் வடிவு ஒத்த குழுக்களாகப் பிரித்து ஆறுதலாகக் கற்பித்தல் வேண்டும்.

ஆயினும் ஒலிவழி ஒன்றே போதாது. பிள்ளையின் நெஞ்சுக்கு நெருங்கிய சொற்கள் யாவும் எளிய எழுத்துகளால் ஆனவையல்ல. 'கொழுந்து' என்னும் சொல்லைப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளையின் செவிக்கு இதனினும் பழகிய சொல் வேறில்லை. கண்ணுக்கோ இதனினும் கடிய சொல் அரிது. இருபுறக் குறி, ழகரம், உகரம் யாவும் அதில் உள. நியூசிலாந்தில் மாவோரிச் சிறாருக்குக் கற்பித்த சில்வியா அஷ்டன்-வோர்னர் (1908–1984) என்னும் ஆசிரியை இதற்கொரு வழி கண்டார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அது விரும்பும் சொல்லைக் கேட்டு, அதனை அட்டையொன்றில் பெரிதாக எழுதி அப்பிள்ளைக்கே உரிமையாக்கினார். மறுநாள் அடையாளம் காணப்பட்ட அட்டை பிள்ளையிடம் தங்கும், காணப்படாதது நீக்கப்படும். அச்சமோ அன்போ கலந்த சொற்களைப் பிள்ளைகள் ஒரு பார்வையிலேயே பற்றிக்கொண்டனர் என்பதை 1963இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கியுள்ளார். நம் வகுப்பிலும் ஒரு பிள்ளை 'கொழுந்து' எனவும், இன்னொன்று 'நாய்க்குட்டி' எனவும், பிறிதொன்று வெளியூரில் வேலை செய்யும் தந்தையின் பெயரையும் கேட்கலாம். எழுதிக் கொடுப்பதற்குக் கலண்டர் அட்டையின் பின்புறம் போதும். ஒலிவழியும் சொல்வழியும் இரு கால்கள் போல ஒருங்கே நடத்தல் வேண்டும்.

கண்டி நகரமே ஒரு வாசிப்புப் புத்தகம் என்பதையும் நினைவிற் கொள்க. பேருந்தின் நெற்றியில் மும்மொழியிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கக் காண்கின்றோம். நடத்துநர் 'நுவர, நுவர' எனக் கூவுகின்றார். பலகையிலுள்ள தமிழோ 'கண்டி' என்கின்றது. இதனைக் கண்டு ஒரு பிள்ளை வினா எழுப்புமாயின், எழுத்து ஒரு செய்தியைத் தாங்கி நிற்கின்றது என்னும் பேருண்மையை அது உணர்ந்துவிட்டதென்க. கம்பளை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை என வழியெங்கும் பாடம் விரிந்து கிடக்கின்றது.

வகுப்பறைப் பழக்கங்கள்

வாசிப்புக்கு அடுத்தபடி, அன்று அதனோடு ஒருங்கே, வளர்க்கவேண்டியவை வகுப்பறைப் பழக்கங்கள். அமைதியாய்க் கைகட்டி இருத்தலையே ஒழுக்கமெனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனினும் மேலான பழக்கங்கள் சில உள. அவை பிறர் பேசுகையிற் கேட்டல், தன் முறை வருமளவும் பொறுத்தல், எடுத்த பொருளை எடுத்தவிடத்தில் வைத்தல், தெரியாததைத் தெரியாதெனக் கூறுதல், வெளியே செல்லும் தேவையை அஞ்சாது தெரிவித்தல் என்பனவாம். இறுதியிற் கூறியதைச் சிறிதென எண்ணற்க. அதனைக் கேட்க அஞ்சி அமர்ந்திருக்கும் பிள்ளையின் செவியில் எப்பாடமும் ஏறாது.

இவற்றை அறிவுரையாற் புகட்ட இயலாது. நாள்தோறும் மாறாத ஒழுங்கினாலேயே புகட்டலாம். காலையில் வந்தவுடன் ஒவ்வொரு பிள்ளையும் மேசைமீதுள்ள அட்டைகளுள் தன் பெயரைத் தேடியெடுத்துச் சுவரில் மாட்டுக. வரவுப் பதிவும் வாசிப்பும் இதனால் ஒருங்கே நிறைவேறும். பின்னர் வட்டமாக அமர்க. கையில் ஒரு சிறு பந்து இருப்பவரே பேசலாம். பேசி முடித்தவர் அடுத்தவர்க்கு வழங்குக. கூச்சமுடைய பிள்ளை பேசாது பந்தை நகர்த்திவிடினும் குற்றமில்லை. ஒருநாள் அது பேசும். எச்செயலும் பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு மேற் செல்லலாகாது. அமர்ந்து செய்வதன்பின் அசைந்து செய்வது வருதல் வேண்டும். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களுக்கும் விளையாட்டையும் செயற்பாட்டையும் முன்வைத்து, எழுத்து வேலையைக் குறைவாகவே அமைத்தது இக்கருத்துப் பற்றியேயாகும்.

நாள் முடிவிற் கதை வாசித்தல் தவறலாகாது. ஆசிரியர் புத்தகத்தைப் பிள்ளைகள் காணப் பிடித்து, விரலை வரியின்மீது இடமிருந்து வலமாகச் செலுத்தி வாசிப்பாராயின், எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது சொல்லாமலே விளங்கும். ஒரே கதையை மீண்டும் கேட்கப் பிள்ளைகள் விரும்புவர். சலியாது வாசிக்க. மூன்றாம் முறை வாசிக்கையில் அவர்களே அடுத்த வரியை முந்திக் கூறுவர். வாசிப்பின் வாயில் அங்கே திறக்கின்றது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பாலர் வகுப்பு ஆசிரியர் எதிர்கொள்ளும் பெருந்தொல்லை பெற்றோரின் அவசரமேயாகும். 'கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே, பிள்ளை என்ன படிக்கின்றது?' எனத் தாய்மார் வினவுகின்றனர். தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் தரம் 1 வரை நீண்டு விழுகின்றது. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கல்வியாலன்றித் தம் பிள்ளைக்கு வேறு வழியில்லை என்பதை அவர்கள் நன்கறிவர். ஆசிரியர் அவர்களை வகுப்புக்கு அழைத்து ஒருநாள் உடனிருந்து பார்க்கச் செய்தல் நன்று.

தமக்கே எழுத்து வாராத பெற்றோரும் பெரும்பணி புரியலாம். மாலையில் மலையிலிருந்து திரும்பிய தாய், 'இன்று ரீச்சர் என்ன கதை சொன்னார்?' என ஒரு வினா எழுப்பினால் போதும். பிள்ளை கதையை ஒழுங்குபடுத்திக் கூறப் பழகும். பாட்டிக்குப் பிள்ளை படித்துக் காட்டட்டும். பாட்டி திருத்த வேண்டியதில்லை. கேட்டல் ஒன்றே போதும். தோட்டங்களில் முன்னர் 'பிள்ளைக் காம்பரா' என வழங்கி இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக விளங்குபவற்றிலும் கதையும் பாட்டும் படப்புத்தகமும் இடம்பெறுமாயின், தரம் 1 ஆசிரியரின் பாதிப் பணி முன்னரே முடிந்துவிடும்.

ஆண்டிறுதியில் நோக்கத்தக்கவை

தரம் 1 முடிவில், பிள்ளை எத்தனை எழுத்துகளை ஒப்பிக்கின்றது என அளத்தல் போதாது. முன் கண்டிராத எளிய சொல்லொன்றை ஒலிகூட்டி வாசிக்கின்றதா? கேட்ட சொல்லொன்றைத் தானாக எழுத முயல்கின்றதா? கேட்ட கதையைத் தொடக்கம் நடு முடிவு தோன்றக் கூறுகின்றதா? தன் பெயரையும் தோழரின் பெயரையும் அடையாளங் காண்கின்றதா? புத்தகத்தைத் தானே கையிலெடுக்கின்றதா? பிழைவிட அஞ்சாது பேசுகின்றதா? இவ்வாறு வினாக்களுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின் ஆசிரியர் ஆறுதல் கொள்ளலாம். முதலாவது வினாவுக்கு 'இல்லை' எனின் அப்பிள்ளையை அப்படியே மேலேற்றிவிட்டுக் கைகழுவுதல் தகாது. தரம் 2 ஆசிரியரிடம் பெயர் குறித்து ஒப்படைத்து, நாளொன்றுக்குப் பத்து நிமிடமேனும் தனியே உதவுதல் வேண்டும். அவ்வயதிற் பத்து நிமிடத்தால் ஆகுவது, பின்னர் பல மணி நேரத்தாலும் ஆவதில்லை.

இதனை யான் அனுபவத்தாற் கூறுகின்றேன். முன்னர்க் குறிப்பிட்ட தரம் 8 மாணவனைப் பாடசாலை முடிந்தபின் தனியே வைத்து 'ட, ப, ம' விலிருந்து தொடங்கினேன். பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு அது பெரும் நாணத்தைத் தந்தது. எவரேனும் வாயிலைக் கடந்தால் அட்டைகளைக் கையால் மூடிக்கொள்வான். கிரிக்கெட் வீரரின் பெயர்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்த பின்னரே அவனுக்கு ஆர்வம் பிறந்தது. ஐந்து வயதில் ஓராண்டில் விளையாட்டாய் முடிந்திருக்க வேண்டிய பணி, அவனுக்கும் எனக்கும் இரண்டாண்டுகளைக் கொண்டது. அவன் பரீட்சைகளிற் சிறந்த பெறுபேறு எதனையும் பெற்றானல்லன். இன்று கடையொன்றிற் பணிபுரிகின்றான். பொருட்பட்டியலைத் தானே வாசிக்கின்றான், தானே எழுதுகின்றான். அதன் மதிப்பை அவனும் யானும் அறிவோம்.

முடிவுரை

யூபிலிக் காலத்தில் மண்டபமும் மதிலும் எழுப்பப் பழைய மாணவர்கள் முன்வருதல் போற்றத்தக்கது. அவற்றோடு, தாம் முதன்முதல் எழுத்தறிந்த ஊர்ப் பாடசாலையின் பாலர் வகுப்புக்குக் கதைப்புத்தகங்கள் சிலவற்றை வழங்குமாறும், இயலுமாயின் ஒருநாள் அப்பிள்ளைகளின் நடுவே அமர்ந்து ஒரு கதையை வாசித்துக் காட்டுமாறும் அவர்களை வேண்டுகின்றேன். மாணவச் செல்வர்கள் தம் இளைய தம்பி தங்கையர்க்கு நாள்தோறும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுக. உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கு யான் கூற விழைவது ஒன்றே: பாலர் வகுப்பு ஆசிரியரைக் கீழ்வகுப்பு ஆசிரியரென எண்ணாதிருப்போமாக. மேல்வகுப்பில் நாம் நடத்தும் பாடங்கள் அனைத்தும் அவர் இட்ட அடித்தளத்தின் மீதே நிற்கின்றன.